இன்மை இருக்கிறதா? கேள்வியைப் பிரித்துப் பார்க்க ஒரு படிப்படியான வழிகாட்டி

ஒரு தாளில் இந்த நான்கு வரிகளை எழுதிக்கொள்ளுங்கள்.

1. இன்மையைப் பற்றிப் பேச முடிகிறது.
2. எதைப் பற்றிப் பேச முடிகிறதோ, அது ஏதோ ஒரு விதத்தில் இருந்தாக வேண்டும்.
3. ஆகவே இன்மை இருக்கிறது.
4. ஆனால் இருக்கிற ஒன்று இன்மை ஆகாது.

இதைப் படித்ததும் பெரும்பாலானவர்கள் நான்காம் வரியோடு மல்லுக்கு நிற்பார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நின்றேன். கோளாறு அங்கே இல்லை, முதல் இரண்டு வரிகளிலேயே இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. அந்த இரண்டையும் சரிசெய்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சம்தான் உண்மையான கேள்வி என்பது என் கட்சி. அதுவரை போவதற்கான படிகள் கீழே. கணிதம் தெரிந்திருக்கத் தேவையில்லை. தாளும் பேனாவும், சமையலறையில் ஒரு காலி சர்க்கரை டப்பாவும் போதும்.

படி 1: பெயர்ச்சொல்லை வினைச்சொல்லாகத் திருப்புங்கள்

ஹோமரின் ஒடிசியில் ஒற்றைக்கண் அரக்கனிடம் மாட்டிக்கொண்ட ஒடிசியஸ், தன் பெயர் 'யாருமில்லை' என்று சொல்லிவைக்கிறான். கண்ணைக் குத்தியதும் அரக்கன் அலற, மற்ற அரக்கர்கள் ஓடிவந்து யார் உன்னைக் கொல்வது என்று கேட்கிறார்கள். அவன் அந்தப் பெயரைச் சொல்ல, ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். கிரேக்கத்தில் இந்தத் தந்திரம் வழுக்கிக்கொண்டு போகும். தமிழில் சொல்லிப் பாருங்கள்: "யாருமில்லை என்னைக் கொல்கிறான்." எந்த அரக்கனும் ஏமாறமாட்டான்.

காரணம் எளிது. கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் 'ஒன்றுமில்லை', 'யாருமில்லை' என்பவற்றுக்குத் தனிச் சொல் இருக்கிறது. அது எழுவாய் இருக்க வேண்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தமிழில் மறுப்பு வினையில்தான் வரும். 'யாரும் வரவில்லை', 'ஒன்றும் தெரியவில்லை' என்றுதான் சொல்ல முடியும். யாரோ ஒருவர் வந்தார், அவர் பெயர் யாருமில்லை என்ற மயக்கம் எழ வழியே கிடையாது.

அப்படியானால் நமக்குச் சிக்கல் எங்கிருந்து வருகிறது? 'இல்லை' என்ற வினையைப் பிடித்து 'இன்மை', 'இல்லாமை', 'ஒன்றுமில்லாதது' என்று பெயராக்கும்போது வருகிறது. ஒரு பழைய விளையாட்டு வாதத்தை நம் ஊர்ச் சாப்பாட்டில் போட்டுப் பார்ப்போம்:

பிரியாணியைவிட மேலானது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததற்குப் பழைய சோறு மேல். ஆகவே பிரியாணியைவிடப் பழைய சோறு மேல்.

(முடிவு சிலருக்குச் சரியாகவே படலாம். வாதம் தவறு என்பதுதான் இங்கே விஷயம்.) முதல் வாக்கியத்தில் இருப்பது வினை: பிரியாணியை மிஞ்சும் உணவு எதுவும் கிடையாது. இரண்டாவதில் வினை பெயராக மாறிவிட்டது: பட்டினி கிடப்பதற்குப் பழைய சோறு தேவலை. ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல் வருவதால் தையல் தெரியாது. தமிழில் 'மில்லை', 'மில்லாதது' என்று தையல் கண்ணுக்கே தெரிகிறது.

சோதனை இதுதான். இன்மை, வெறுமை, சூனியம் என்று பெயர்ச்சொல் வரும் இடத்திலெல்லாம் அதை 'இல்லை' என்ற வினையாகத் திருப்பி எழுதுங்கள். திருப்ப முடிந்தால் அந்தப் பெயர்ச்சொல் வெறும் சுருக்கெழுத்து. அதற்குப் பின்னால் ஒரு பொருளைத் தேட வேண்டாம். 1929-இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெகர் ஆற்றிய தொடக்க உரையில் 'இன்மை தானே இன்மைப்படுத்துகிறது' என்ற பொருளில் ஒரு வாக்கியம் வரும். அதை எடுத்துக்கொண்ட தர்க்கவாதி ருடால்ஃப் கார்னாப், தர்க்க மொழியில் இதை எழுதவே முடியாது, 'இல்லை' என்பதை ஒரு பொருளின் பெயராகப் பாவித்ததால் வந்த கோளாறு இது என்று சில ஆண்டுகளில் ஒரு கட்டுரையில் பிய்த்துப்போட்டார். கார்னாப் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே வாசித்தார் என்பது என் அபிப்பிராயம். ஹைடெகர் பேச வந்தது பதற்றத்தில் உலகம் கைநழுவிப் போகும் அனுபவத்தைப் பற்றி. ஆனால் 'இன்மை இருக்கிறது' என்பதை வாதமாக முன்வைப்பவர்களுக்குக் கார்னாப்பின் சோதனை பொருந்தும்.

படி 2: 'இல்லை'யா, 'அல்ல'வா?

கிமு 5-ஆம் நூற்றாண்டில் தெற்கு இத்தாலியின் எலியா நகரில் வாழ்ந்த பார்மெனிடீஸ், இல்லாததை நினைக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது என்று கவிதையில் வாதிட்டார். அதிலிருந்து, மாற்றம் என்பதே பொய் என்ற இடம்வரை போனார். ஒன்று மாற வேண்டுமானால் அது 'இல்லாதது' ஆக வேண்டுமே!

பிளேட்டோ தன் 'சோஃபிஸ்ட்' உரையாடலில் இதற்கு ஒரு விடை தந்தார். 'இது பெரியது அன்று' என்று சொல்லும்போது நாம் இருத்தலுக்கு எதிரான எதையோ சுட்டவில்லை. பெரியதிலிருந்து வேறான ஒன்றைச் சுட்டுகிறோம், அவ்வளவுதான்.

இந்த விடையை எட்ட அவர் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. 'ஆகு', 'இரு' இரண்டுக்கும் ஒரே வினை உள்ள மொழியில் எழுதியதுதான் காரணம். தமிழில் 'குடம் இல்லை' வேறு, 'குடம் அல்ல' வேறு. முதலாவது இருப்பை மறுக்கிறது. இரண்டாவது ஒன்று இன்னொன்றாக இருப்பதை மறுக்கிறது. பேச்சில் 'அது நான் இல்லை' என்று இரண்டையும் கலக்கிறோம்தான். எழுத்திலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது. ஆகவே உங்கள் தாளில் 'இல்லை' வரும் இடங்களையெல்லாம் வட்டமிட்டு, எவையெல்லாம் உண்மையில் 'அல்ல' என்று பாருங்கள். 'அல்ல'வாக இருப்பவற்றை இந்த விசாரணையிலிருந்து தள்ளிவிடலாம்.

படி 3: எது இல்லை? எங்கே இல்லை?

இப்போது டப்பாவை எடுங்கள். திறந்தால் சர்க்கரை இல்லை. இங்கே நீங்கள் பார்த்தது என்ன?

இந்தக் கேள்விக்காக இந்தியத் தர்க்கவாதிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார்கள். இன்மையைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக வேறு எங்கும் யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை. வைசேஷிகம் என்ற பழைய தத்துவ மரபினர் முதலில் உலகில் உள்ளவற்றை ஆறு வகையாகப் பிரித்தார்கள்: பொருள், குணம், செயல், பொதுமை, சிறப்பு, ஒட்டுறவு. பின்னால் வந்தவர்கள் ஏழாவதாக 'அபாவம்', அதாவது இன்மை, என்பதைச் சேர்த்தார்கள். சர்க்கரையின்மையும் டப்பாவைப் போலவே உலகத்தின் ஒரு அம்சம், அதைக் கண்ணாலேயே பார்க்கிறோம் என்றார்கள் தர்க்கத்தையே மையமாக வைத்த நியாய மரபினர். வேத விளக்க மரபான மீமாம்சையைச் சேர்ந்த குமாரிலர், இன்மை உண்டு, ஆனால் அதைப் பார்ப்பதில்லை, 'தென்படாமை' என்ற தனி வழியால் அறிகிறோம் என்றார். அதே மரபின் பிரபாகரர் ஒரேயடியாக வெட்டினார்: இன்மை என்று தனியாக எதுவும் கிடையாது, நீங்கள் பார்த்தது வெறும் டப்பாவை, அவ்வளவுதான்.

தமிழுக்கும் இந்தச் சண்டையில் பங்கு உண்டு. மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளைக் கேட்கும் 27-ஆம் காதையில், அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் (அறிவைப் பெறும் வழிகளில்) அபாவமும் ஒன்று. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும் அபாவத்தை எண்ணிக் காட்டுகிறது, ஆனால் எல்லாம் காண்டல் (நேரில் பார்ப்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நம்பத்தகுந்த சொல்) என்ற மூன்றில் அடங்கிவிடும் என்று முடிக்கிறது. தண்டியலங்காரம், காரணம் காட்டும் ஏதுவணியில் இன்மையைக்கூட ஒரு காரணமாக வைத்து வகை பிரிக்கிறது. ஒரு அணியிலக்கண நூலுக்கு இது அதிகப்படிதான், ஆனாலும் அழகு.

நான்கு வகையான இன்மையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மாவு கரைத்தாயிற்று, தோசை இன்னும் வரவில்லை: இது முன்னின்மை. இதற்குத் தொடக்கம் கிடையாது, முடிவு உண்டு. டம்ளர் விழுந்து உடைந்தது: இது அழிவுக்குப் பிந்திய இன்மை. இதற்குத் தொடக்கம் உண்டு, முடிவே கிடையாது. அந்த டம்ளர் இனி என்றைக்கும் இல்லை. காற்றில் நிறம் இல்லை: இது முழு இன்மை. குடம் துணி அல்ல: இது ஒன்றில் மற்றொன்றின் இன்மை. நான்காவதில் மட்டும் 'அல்ல' வந்திருப்பதைக் கவனியுங்கள். இரண்டாம் படியில் நாம் போட்ட கோட்டையே நியாய மரபும் போட்டு, முதல் மூன்றை ஒரு பக்கமும் நான்காவதை மறுபக்கமும் வைத்தது.

இந்தப் படியில் நமக்கு வேண்டிய கருவி இதுதான். நியாய மரபில் ஒவ்வொரு இன்மைக்கும் இரண்டு கொக்கி உண்டு. ஒன்று, எது இல்லையோ அது. அதற்குப் 'பிரதியோகி' என்று பெயர். மற்றது, எங்கே இல்லையோ அந்த இடம். இரண்டில் ஒன்றைக் கழற்றினாலும் இன்மை தொங்க இடமில்லாமல் போய்விடும். ஆகவே இந்தக் கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்:

______, ______-இல் இல்லை.

சர்க்கரை, டப்பாவில் இல்லை. சரி. மழை, ஊரில் இல்லை. சரி. இப்போது தனி இன்மையைப் போடுங்கள்: எதுவுமே, எங்குமே இல்லை. முதல் கோட்டில் குறிப்பிட்ட பொருள் எதுவும் விழவில்லை. இரண்டாவது இன்னும் மோசம். எதுவுமே இல்லையென்றால் இடமும் இல்லை. டப்பாவே இல்லாதபோது எது காலியாக இருக்கும்?

ஆக, அபாவத்தை உலகப் பொருளாக ஏற்றுக்கொண்ட மரபிலேயே 'இன்மை இருக்கிறது' என்பதற்கு அனுமதி கிடைக்காது. 'இதன் இன்மை இங்கே இருக்கிறது' என்பதற்கு மட்டும்தான் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. தென்படவில்லை என்பதாலேயே இல்லை என்று ஆகிவிடாது. இருட்டில் டப்பாவைத் திறந்து 'சர்க்கரை இல்லை' என்று சொல்லக் கூடாது. இருந்திருந்தால் தெரிந்திருக்குமா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டுமே தென்படாமை சாட்சியாகும்.

படி 4: முயல்கொம்பை எண்ணுங்கள்

இப்போது இரண்டாம் வரி: பேச முடிந்தால் இருந்தாக வேண்டுமாம். முயல்கொம்பைப் பற்றி இதோ பேசுகிறோம். அது எங்கே இருக்கிறது?

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த தத்துவவாதி அலெக்ஸியஸ் மைனாங், இருக்காத பொருள்களும் பொருள்கள்தான், பொன்மலை இல்லாவிட்டாலும் பொன்னாலானதுதான் என்றார். 1905-இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் வேறு வழி காட்டினார். 'பிரான்சின் தற்போதைய அரசர் வழுக்கையர்' என்ற வாக்கியம் ஒருவரைச் சுட்டுவதுபோல் நடிக்கிறது. பிரித்தால், 'பிரான்சின் அரசராக ஒருவர், ஒருவர் மட்டும், இருக்கிறார். அவர் வழுக்கையர்' என்று வரும். அப்படி யாரும் இல்லாததால் வாக்கியம் பொய். யாரையும் சுட்டாமலேயே அர்த்தமும் வந்துவிட்டது.

இதற்குப் பல நூற்றாண்டு முன்பே நியாய அறிஞர் உதயணர் முயல்கொம்பை இதே பாணியில் பிரித்திருந்தார். 'முயல்கொம்பு இல்லை' என்பதில் முயல்கொம்பு என்ற பொருளின் இன்மை பேசப்படவில்லை. கொம்பு என்பது உண்டு, முயல் என்பது உண்டு, முயலிடம் கொம்பு இல்லை. படி 3-இன் கோட்டில் அழகாக உட்காருகிறது.

எனக்குப் பிடித்த கருவி ஜெர்மன் தர்க்கவாதி காட்லாப் ஃபிரெகெ தந்தது. 1884-இல் வெளியான எண்கணித அடிப்படைகள் பற்றிய நூலில், வெள்ளிக் கோளுக்குப் பூஜ்யம் நிலவுகள் என்ற உதாரணத்தை எடுக்கிறார். இங்கே எந்த நிலவைப் பற்றியும் எதுவும் சொல்லப்படவில்லை, ஏனென்றால் நிலவே இல்லை. 'வெள்ளியின் நிலவு' என்ற கருத்தைப் பற்றித்தான் பேச்சு: அதன் கீழ் எதுவும் வராது. இருக்கிறது என்று சொல்வது, எண்ணிக்கை பூஜ்யம் என்பதை மறுப்பது மட்டுமே.

செய்து பாருங்கள். 'க இருக்கிறது' என்பதை 'க-க்களின் எண்ணிக்கை பூஜ்யம் அல்ல' என்று மாற்றுங்கள். புலிக்கு மாற்றலாம், பேய்க்கு மாற்றலாம். 'இன்மை'க்கு? இன்மைகளை எண்ணுவது எப்படி? சர்க்கரையின்மை ஒன்று, மிளகாயின்மை ஒன்று என்று அபாவங்களை எண்ணலாம். தனி இன்மையை எண்ணக் கூடாது. ஒன்று என்று வந்தால் அது ஒரு பொருளாகிவிடும். 'மொத்தப் பொருள்களின் எண்ணிக்கை பூஜ்யம்' என்று எழுதலாம். இது அர்த்தமுள்ள வாக்கியம், ஆனால் பொய்: நீங்களும் இந்தத் தாளும் இருக்கிறீர்கள். முதல் வரியும் இரண்டாம் வரியும் இங்கே விழுந்துவிட்டன.

படி 5: போலிகளைக் கழித்துவிடுங்கள்

இன்மை என்று சொல்லி மூன்று விஷயங்களை நீட்டுவார்கள். சீக்கிரமாகத் தாண்டிவிடலாம்.

பூஜ்யம் இன்மை அல்ல. அது ஒரு எண். 628-இல் பிரம்மகுப்தர் அதோடு கூட்டிக் கழிக்க விதிகளே எழுதினார்.

கணிதத்தில் வரும் வெற்றுக்கணமும் அல்ல. அது உள்ளே எதுவும் இல்லாத ஒரு பை, பை இருக்கிறது. அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டால் உள்ளே ஒன்று இருக்கிறது. இப்படியே எல்லா முழு எண்களையும் கட்டிக் காட்டினார் ஜான் வான் நாய்மன்.

வெற்றிடமும் அல்ல. 1643-இல் டொரிசெல்லி செய்த சோதனையில் பாதரசம் சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்று, குழாயின் மேலே காலியிடம் தோன்றியது. அந்தக் காலியிடத்துக்கும் நீளம், அகலம் உண்டு. வெற்றிடத்தில் வைத்த இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948-இல் காசிமிர் கணக்கிட்டார், பின்னர் அளந்தும் பார்த்துவிட்டார்கள். பிரபஞ்சம் 'ஒன்றுமில்லாததிலிருந்து' வந்தது என்று இயற்பியலாளர்கள் சொல்லும்போது, அவர்கள் கையில் விதிகளும் புலங்களும் இருக்கின்றன. சட்டியில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

பௌத்த அறிஞர் நாகார்ஜுனரின் சூனியத்தையும் இதோடு சேர்க்காதீர்கள். எந்தப் பொருளும் தன்னளவில் தனித்து நிற்கும் இயல்பு கொண்டதல்ல என்பதுதான் அவர் சொன்னது. எதுவுமே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

படி 6: மிச்சம் நின்ற கேள்வி

இன்மை ஒரு பொருள் அல்ல என்று ஆயிற்று. ஆனால் 'மொத்தப் பொருள்களின் எண்ணிக்கை பூஜ்யம்' என்ற வாக்கியம் பொய்யாக இருப்பது தற்செயலா, கட்டாயமா? எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாமா? ஒன்றுமில்லாமல் இருப்பதற்குப் பதிலாக ஏன் ஏதோ இருக்கிறது என்று லைப்னிட்ஸ் 1714-இல் கேட்டது இதை ஒட்டித்தான்.

பாடப்புத்தகத் தர்க்கம் ஒரு விடையைக் கையில் திணிக்கும். எல்லாப் பொருளும் தனக்குத்தானே சமம். ஆகவே இதோ இந்தப் பொருள் தனக்குச் சமம். ஆகவே ஏதோ ஒன்று இருக்கிறது! ஏமாந்துவிடாதீர்கள். 'இதோ இந்தப் பொருள்' என்று சொல்லும்போதே ஒன்றை உள்ளே கடத்திவிட்டோம். வசதிக்காகத் தர்க்கவாதிகள் உலகம் காலியாக இருக்காது என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டார்கள். அந்த முன்பணம்தான் முடிவாகத் திரும்பி வருகிறது. அதை எடுத்துவிட்டும் தர்க்கம் நடத்தலாம், 20-ஆம் நூற்றாண்டில் நடத்தியும் காட்டினார்கள். அதில் காலி உலகத்தைப் பற்றிய விதி எளிது: 'எல்லாம்' என்று தொடங்குபவை அனைத்தும் உண்மை, 'ஏதோ ஒன்று' என்று தொடங்குபவை அனைத்தும் பொய். என் காலிப் பர்ஸில் இருக்கும் நோட்டெல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு. எல்லாம் நூறு ரூபாய் நோட்டும்கூட. இரண்டும் உண்மை, முரண்பாடு எதுவும் இல்லை. ஆக, காலி உலகத்தைத் தர்க்கம் தடுக்கவில்லை.

தடுக்கவில்லை என்பது வேறு, நடந்திருக்கலாம் என்பது வேறு. 1996-இல் தத்துவவாதி தாமஸ் பால்ட்வின் ஒரு கழித்தல் வாதம் வைத்தார். எண்ணி முடிக்கக்கூடிய அளவு பொருள்களே உள்ள ஓர் உலகத்தை நினையுங்கள். அவற்றில் ஒவ்வொன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம். ஒன்று இல்லாமல் போவதால் வேறொன்று புதிதாக வர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகலாம், கடைசியில் பூஜ்யம். அதே ஆண்டில் பீட்டர் வான் இன்வாகன் எதிர்ப்பக்கம் நின்றார்: எத்தனையோ விதமாக உலகம் இருந்திருக்கலாம், காலி உலகம் அதிகபட்சம் ஒன்றுதான், எனவே அதற்கான நிகழ்தகவு பூஜ்யம். எல்லா உலகங்களுக்கும் சம வாய்ப்பு என்று யார் சொன்னது என்ற கேள்விக்கு அவர் விடை எனக்குத் திருப்தி தரவில்லை.

பால்ட்வினின் வாதத்தை நம் டப்பாவில் ஓட்டிப் பாருங்கள். சர்க்கரையை எடுத்துவிட்டேன். குமாரிலர் சொல்வது சரி என்றால், அந்த இடத்தில் சர்க்கரையின்மை வந்துவிட்டது. ஒன்றைக் கழித்தால் ஒன்று கூடுகிறது. வேறொன்று புதிதாக வர வேண்டியதில்லை என்ற பால்ட்வினின் மூன்றாவது அனுமானம் உடைகிறது. எண்ணிக்கை ஒருபோதும் பூஜ்யத்துக்கு இறங்காது. பிரபாகரர் சொல்வது சரி என்றால், எதுவும் கூடவில்லை, வெறும் டப்பா மட்டும் மிச்சம். தொடர்ந்து கழிக்கலாம். ஆனால் கடைசியில் டப்பாவையே எடுக்கும்போது? பிரபாகரருக்கு 'இல்லை' என்பதன் அர்த்தமே வெறும் இடம் மிச்சம் நிற்பதுதான்; இப்போது நிற்க எதுவும் இல்லை. குமாரிலருக்கும் அந்தக் கடைசி இன்மையை மாட்ட இடமில்லை. கடைசிக்கு முந்திய படிவரை இருவரும் எதிரெதிராக நிற்கிறார்கள், கடைசிப் படியில் இருவர் கையிலும் சொல் இல்லை.

ஃபிரெகெயின் எண்ணும் வழிக்கு இந்தத் திண்டாட்டம் இல்லை. எண்ணிக்கை பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போய்விடும், இடம் கேட்காது. அதனால்தான் நான் அந்தப் பக்கம் சாய்கிறேன்: எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாம் என்பது பொருளுள்ள வாக்கியம், அதில் முரண்பாடு இல்லை. ஆனால் எண்கள் என்பவையே அந்த உலகத்தில் இருக்குமா, அங்கே பூஜ்யம் என்று எண்ணப்படுவது எதைக் கொண்டு என்று யாராவது கேட்டால், என் பேனா கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

வீட்டுப்பாடம்

டப்பாவில் மறுபடி சர்க்கரையை நிரப்புங்கள். சர்க்கரையின்மை போய்விட்டது, அதாவது இன்மையின் இன்மை. தண்டியலங்காரம் சொல்லும் வகைகளில் 'இன்மையது அபாவம்' என்றே ஒன்று உண்டு. இப்போது டப்பாவில் இருப்பது ஒன்றா, இரண்டா? இன்மையின் இன்மை என்பது சர்க்கரையேதான் என்றனர் பழைய நியாயவாதிகள். வங்கத்தின் ரகுநாத சிரோமணி ஒப்புக்கொள்ளவில்லை: சர்க்கரை வேறு, அதன் இன்மையின் இன்மை வேறு, மூன்றாவது 'இன்மை'யைச் சேர்த்தால்தான் முதல் இன்மைக்குத் திரும்புவோம் என்றார். யார் சொல்வது சரி என்று படி 3-இன் இரண்டு கொக்கியையும் வைத்து முடிவு செய்யுங்கள். தொடங்கும்போதே சொல்லிவிடுகிறேன், பிரதியோகியின் கோட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது.